சிகிச்சை முடிந்த பிறகு கையை முடக்கி வைக்கலாமா? மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான உடற்பயிற்சிப் பாடம்



மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு கால் மணி நேரமாவது உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி வருகிறோம். இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது பலரும் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் விஷயம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பெண் அதன் பிறகு எப்படி நடமாட வேண்டும்? என்ன வேலை செய்யலாம்? உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா?

இந்தியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, பாதியில் விடாமல் சிகிச்சை எடுத்தவர்கள் பலர் நீண்ட காலம் நன்றாக வாழ்கிறார்கள். நம் ஊர்களிலும் இப்படி மீண்டு வந்த சகோதரிகள் இருக்கிறார்கள். உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் பிழைத்த பிறகு தலை பின்னவும், தண்ணீர் எடுக்கவும், நாலு பேரோடு கூட்டத்தில் உட்காரவும் முடிய வேண்டுமே! அதற்குத்தான் இந்தப் பாடம்.

1. வீட்டுக்கு வந்ததும் நடப்பது என்ன?

சில வீடுகளில் பாசம் அதிகம். "நீ ஒண்ணும் தொடாதே தாயி, அந்தக் கையை அசைக்காம அப்படியே வச்சுக்க" என்று மாமியார் சொல்வார். அந்தப் பெண்ணும் பயத்தில் கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்வாள். இரண்டு மூன்று மாதத்தில் தோள்பட்டை இறுகிவிடும். ஜாக்கெட் போட முடியாது, கொண்டை போட முடியாது, அலமாரியில் மேலே இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது.

வேறு சில வீடுகளில் இதற்கு நேர் எதிர். "ஆஸ்பத்திரியிலதான் அனுப்பிட்டாங்களே, இன்னும் என்ன படுக்கை?" என்று பத்தாம் நாளே குடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் தண்ணீர் மட்டும் 15 கிலோ எடை. ஆறாத உடம்புக்கு அது பெரிய பாரம்.

இரண்டுமே தவறு. அடியோடு முடக்குவதும் கூடாது, திடீரென்று பாரம் ஏற்றுவதும் கூடாது. சின்னதாகத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

2. கை ஏன் வீங்குகிறது?

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகள் சிலவற்றையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். நிணநீர் என்பது ரத்தக் குழாயிலிருந்து கசிந்து உடம்பில் ஓடும் ஒரு வகை நீர். நம் வயலில் அதிகத் தண்ணீரை வெளியேற்ற வடிகால் இருப்பது போல, கையிலுள்ள இந்த நீர் அக்குள் வழியாகத்தான் வடிகிறது. வடிகாலில் நாலைந்து மடைகள் அடைபட்டால் வயலில் தண்ணீர் தேங்கும் அல்லவா? அது போலச் சிலருக்கு அந்தப் பக்கக் கையில் நீர் தேங்கி வீக்கம் வரும். கதிர்வீச்சு கொடுத்திருந்தாலும், உடல் எடை அதிகமாக இருந்தாலும் வீக்கம் வருவதற்கு வாய்ப்பு கூடும். எல்லோருக்கும் வராது. சிலருக்கு உடனே வரும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்தும் வரும்.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனியாக ஒரு இதயம் கிடையாது. நாம் கையை அசைக்கும்போது தசை சுருங்கி விரிகிறது. அந்த அசைவு நிணநீரைத் தள்ளிவிட உதவுகிறது. கையை அசைக்காமல் தொங்கவிட்டே இருந்தால் அந்த உதவி கிடைக்காமல் போகிறது.

3. "எடை தூக்கினா கை வீங்குமே?" ஆராய்ச்சி சொன்ன பதில்

முன்பெல்லாம் மருத்துவர்களே, "ஆயுசுக்கும் அந்தக் கையால் எடை தூக்காதீர்கள்" என்று எச்சரித்து அனுப்புவார்கள். கனடா நாட்டின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இது சரிதானா என்று சோதித்துப் பார்த்தார். 1996-ல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்துக்கொண்டார். முதலில் உடற்பயிற்சி கொடுத்துத் தயார் செய்தார். பிறகு டிராகன் படகு என்னும் நீளமான படகில் உட்கார வைத்துத் துடுப்பு போடச் சொன்னார். துடுப்பு போடுவது என்றால் கைக்கும் தோளுக்கும் நல்ல வேலை. அந்தப் பருவம் முடிந்து பார்த்தபோது யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை, ஏற்கெனவே வீக்கம் இருந்தவர்களுக்கும் அது அதிகமாகவில்லை. அன்று தொடங்கிய படகுக் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன.

பிறகு அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் தலைமையில் பெரிய அளவில் ஆய்வு நடந்தது. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் 2 முறை, பயிற்சியாளரின் கண்காணிப்பில் தொடங்கி, மிகச் சிறிய எடையிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்கவில்லை. 2009-ல் முடிவு வந்தது. எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் எடை தூக்காதவர்களில் 100-க்கு 29 பேருக்கு நடந்தது, தூக்கியவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் நடந்தது. வீக்கம் வராத 154 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. அதிலும் எடைப் பயிற்சியால் யாருக்கும் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் முதல் நாளே குடத்தைத் தூக்கவில்லை. சிறிய எடையில் தொடங்கி, கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார்கள்.

4. உடற்பயிற்சியால் வேறு என்ன நன்மை?

*அசதி குறையும்.* கீமோ மருந்து எடுத்தவர்களுக்கு வரும் அசதி சாதாரண அசதி இல்லை. "எவ்வளவு தூங்கினாலும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குக்கா" என்பார்கள். அதற்காக இன்னும் படுத்தால் தசை தளர்ந்து அசதி கூடும். தினமும் சிறிது நேரம் நடந்தால் அசதி குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

*மனம் தெளியும்.* "திரும்ப வந்துடுமோ" என்ற பயம், "என் உடம்பு இப்படி ஆயிடுச்சே" என்ற வருத்தம், தூக்கமின்மை எல்லாம் இந்தச் சகோதரிகளுக்கு உண்டு. நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கின்றன. பெங்களூருவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் நடந்த யோகா ஆய்வுகளிலும் இந்தப் பலன் தெரிந்தது.

*எலும்புக்கும் மூட்டுக்கும் நல்லது.* லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 5 வருடம், சிலருக்கு அதற்கு மேலும் சாப்பிடச் சொல்வார்கள். இவற்றால் சிலருக்கு மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் வரும். "வலிக்குது" என்று மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடையும் தசைப் பயிற்சியும் இந்த வலியைத் தாங்க உதவும்.

*ஆயுளுக்கும் நல்லது போலத் தெரிகிறது.* அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 3 முதல் 5 மணி நேரம் சாதாரண வேகத்தில் நடக்கும் அளவுக்கு உடலை அசைத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நடந்ததால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, உடம்பு தெம்பாக இருந்தவர்களே அதிகம் நடந்திருக்கலாம். எனவே உடற்பயிற்சி என்பது மருந்தோடு சேர்ந்த துணை. மருந்துக்குப் பதில் ஆகாது.

5. எப்போது, எந்தப் பயிற்சி?

ஒவ்வொருவர் அறுவை சிகிச்சையும் வேறு. ஆகவே தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ, அதாவது பிசியோதெரபிஸ்டிடமோ, ஒரு வார்த்தை கேளுங்கள். வயிற்றுச் சதை, முதுகுச் சதை எடுத்து மார்பகத்தைத் திரும்ப அமைத்திருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

*முதல் படி: டியூப் இருக்கும் நாட்கள்*

- கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, விரல்களை மூடித் திறக்க வேண்டும். 10 முறை.
- முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். 10 முறை.
- தோள்களை மெதுவாக மேலே தூக்கி இறக்க வேண்டும். 5 முறை.
- மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விட வேண்டும். 5 முறை.
- சாப்பிட, முகம் கழுவ அந்தக் கையையே பயன்படுத்தலாம். தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம்.

*இரண்டாம் படி: டியூப் எடுத்து, மருத்துவர் சரி சொன்ன பிறகு*

- கம்புப் பயிற்சி: மல்லாந்து படுத்து, மூன்றடி கம்பை இரண்டு கையாலும் பிடித்து, முடிந்தவரை தலைக்கு மேல் கொண்டுபோய் இறக்க வேண்டும். நல்ல கை மற்ற கைக்கு உதவும்.
- சுவர்ப் பயிற்சி: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஏறுவது போல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு மேலே போயிருக்கும். அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.
- கைகளைப் பிடரியில் கோத்து, முழங்கைகளை முன்னால் சேர்த்துப் பின்னால் விரிக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் 5 முதல் 10 முறை, காலையும் மாலையும். லேசாக இழுப்பது போலத் தெரிந்தால் பரவாயில்லை. சுரீர் என்று வலித்தால் அதற்கு மேல் போகாதீர்கள். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல இழுக்கும். பயப்பட வேண்டாம், பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும். மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். கதிர்வீச்சு முடிந்து பல மாதம் கழித்தும் தோள் இறுகலாம் என்பதால் இந்தப் பயிற்சிகளை விட்டுவிடக் கூடாது.

*மூன்றாம் படி: நடை*

முதல் வாரம் தினமும் 10 நிமிடம். பிறகு வாரம் 5 நிமிடம் கூட்டி, 30 நிமிடத்துக்கு வரலாம். வேகம் எவ்வளவு? நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். வெயில் ஏறும் முன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு நடங்கள். கீமோவால் சிலருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும், செருப்புப் போடாமல் நடக்க வேண்டாம்.

*நான்காம் படி: தசைக்கு வலு*

காயம் நன்றாக ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு வாரம் 2 நாள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய இருந்தால் அரை கிலோ. கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுங்கள், பக்கவாட்டில் தோள் அளவுக்குத் தூக்கி இறக்குங்கள். 10 முறை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது இரண்டும் 10 முறை. இரண்டு மூன்று வாரம் கையில் மாற்றம் இல்லை என்றால் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போகலாம்.

2018-ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசி, 2019-ல் வெளியிட்ட பரிந்துரையும் ஏறத்தாழ இதுதான்: நடை போன்ற பயிற்சி வாரம் 3 நாள் 30 நிமிடம், தசைப் பயிற்சி வாரம் 2 நாள்.

6. "வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?"

நல்ல கேள்வி. வீடு கூட்டுவது, துணி துவைப்பது, மாடு பார்ப்பது எல்லாமே உடலுக்கு வேலைதான். ஆனால் இந்த வேலைகளில் குனிந்துகொண்டே இருக்கிறோம், ஒரே பக்கமாகப் பாரம் சுமக்கிறோம், தோளை முழுதாக மேலே நீட்டுவது குறைவு. எனவே தோள் பயிற்சி தனியாக வேண்டும். வேலையைப் பொறுத்தவரை, முதலில் சொம்பு, பிறகு சிறு வாளி, பிறகு பாதிக் குடம் என்று மாதக் கணக்கில் கூட்டுங்கள். களையெடுப்பு, நாற்று நடவு போன்ற வேலைக்குத் திரும்பும்போது முதலில் அரை நாள் போய்ப் பாருங்கள். இடையிடையே நிமிர்ந்து, கையை உயர்த்தி நீட்டிக்கொள்ளுங்கள்.

7. கையைக் கவனிப்பது எப்படி?

தையல் டேப் போதும். மணிக்கட்டு, முழங்கைக்கு ஒரு சாண் கீழே, ஒரு சாண் மேலே என்று மூன்று இடத்தில் இரண்டு கையையும் மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் அளவை விட 2 சென்டிமீட்டர் கூடினால் மருத்துவரிடம் போக வேண்டும். வளையல் இறுகுவது, ஜாக்கெட் கை பிடிப்பது, கை கனப்பது ஆகியவை முதல் அறிகுறிகள்.

அந்தக் கையில் முள், வெட்டு, சூடு படாமல் பாருங்கள். வயலில் கையுறை போடுங்கள். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளைப் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

8. எப்போது பயிற்சியை நிறுத்த வேண்டும்?

- காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் இருந்தால்
- நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் வந்தால்
- ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்
- முதுகிலோ இடுப்பிலோ புதிதாக வலி வந்து விடாமல் இருந்தால்
- ரத்தம் மிகவும் குறைவாக இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால்

இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்தப் பயிற்சி பாதுகாப்பானது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

9. குழு என்ன செய்யலாம்?

பயிற்சியை நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். தனியாகச் செய்ய மனசு வராதே! இங்கேதான் குழுவின் வேலை இருக்கிறது. சிகிச்சை முடிந்து வந்த பெண் பல நேரம் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவாள். சட்டையில் ஒரு பக்கம் தட்டையாகத் தெரியுமே என்ற கூச்சம், முடி கொட்டிய வெட்கம், தவணை பாக்கி என்ற தயக்கம், பக்கத்தில் உட்கார மாட்டார்களோ என்ற பயம். "நான் வந்து என்ன செய்யப் போறேன், விடுங்க" என்பாள். அப்படியே விட்டுவிடக் கூடாது.

- புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே பாயில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதைக் குழுவில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
- தினமும் இரண்டு பேர் முறை வைத்து அவரோடு நடக்கலாம். நடப்பவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு நல்லது.
- முதல் இரண்டு மாதம் அவர் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை யார் எடுத்துக் கொடுப்பது என்று முறை போடலாம்.
- தவணையை எப்படி மாற்றி அமைப்பது என்று கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம்.
- தையல் தெரிந்த உறுப்பினர், முன்பக்கம் கொக்கி வைத்த தளர்வான ஜாக்கெட்டும், உள்ளே வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைத்த மென்மையான துணிப் பட்டையும் தைத்துக் கொடுக்கலாம். இரண்டும் சிறிய உதவிதான், ஆனால் வெளியே வரும் தைரியம் அதில் இருக்கிறது.
- 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. அதில் பணியாற்றிய மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்களே. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயன்முறை சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.
- மறு பரிசோதனைத் தேதியை அவர் மறந்தாலும் ஊக்குநர் நினைவூட்ட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இந்த நோய் வந்தால் முடிந்தது என்றுதான் ஊர் பேசியது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. பிழைக்க வைப்பது மருத்துவமனையின் வேலை. பிழைத்தவரைப் பழையபடி நடமாட வைப்பதில் வீட்டுக்கும் குழுவுக்கும் பங்கு உண்டு.

கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

1. நம் ஊரில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் யாராவது கூட்டத்துக்கு வராமல் இருக்கிறாரா? அவரைப் போய்ப் பார்ப்பது யார், எந்த நாளில்?
2. "அந்தக் கையை அசைக்காதே" என்று நாம் யாரிடமாவது சொல்லியிருக்கிறோமா? இனி என்ன சொல்லுவோம்?
3. கம்புப் பயிற்சி, சுவர்ப் பயிற்சி இரண்டையும் எல்லோரும் சேர்ந்து ஒரு முறை செய்து பாருங்கள். நம்மில் எத்தனை பேருக்குக் கை முழுதாக மேலே போகிறது?
4. நாளை முதல் நடப்பதற்கு எந்த இடம், எந்த நேரம் வசதி?

நான்காவது கேள்விக்கான பதிலை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள், சகோதரிகளே. அடுத்த மாதக் கூட்டத்தில் எத்தனை நாள் நடந்தோம் என்று கணக்குப் பார்ப்போம்.